பெயிலான பூசணிக்காய்

பந்தயம் தொடங்க அரை மணி நேரம் இருந்தபோது நான் ஒரு பூசணிக்காயை பெயிலாக்கினேன். முப்பத்தொரு வருடத் தேயிலைத் தொழிற்சாலை வேலையில் எத்தனையோ பெல்ட்டுகளையும் பேரிங்குகளையும் கழித்துக் கட்டியிருக்கிறேன். ஒரு தடவை புதிதாக வந்து இறங்கிய ரோலர் மெஷினையே திருப்பி அனுப்பினேன். காய்கறியைக் கழித்தது அதுதான் முதலும் கடைசியும். பந்தய வண்டி சோதிக்கப் போகிற இளையவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு அன்று வரவில்லை.

1. என்னிடம் வண்டி இல்லாததால் கிடைத்த பதவி

என் பெயர் ராஜமாணிக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் ஹட்டன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பழனியப்பன் முதலாளி வீடு தேடி வந்தார். அவர்தான் எங்கள் ஊர் மோட்டார் கழகத்தின் தலைவர்.

“அண்ணே, நீங்கதான் நம்ம ஸ்குருட்டினியர்” என்றார்.

“அப்படின்னா என்னாங்க வேல?”

“ஓட்டுறதுக்கு முன்னாடி வண்டிய சோதிக்கணும். சரியா இருந்தா ஸ்டிக்கர் ஒட்டணும். இல்லன்னா ஒட்டக் கூடாது. அவ்வளவுதான்.”

“அதுக்கு ஏன் நானு?”

“மத்த எல்லார்கிட்டயும் வண்டி இருக்கு. ஒங்ககிட்டதான் இல்ல.”

இதைவிட நேர்மையான நியமனக் கடிதம் எனக்கு வேலை நாளில்கூடக் கிடைத்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

வண்டிகள் மொத்தம் ஆறு. வெளிநாட்டில் மண் வட்டப் பாதையில் ஓடும் ஸ்பிரிண்ட் கார்களை யாரோ போனில் பார்த்து, அதே மாதிரி செய்ய ஆரம்பித்ததன் விளைவு அவை. பைப்பை வளைத்துக் கூண்டு, கூண்டுக்குள் பழைய கார் எஞ்சின், டிரைவருக்குத் தோளிலும் இடுப்பிலும் இழுத்துக் கட்டும் பெல்ட், தலைக்கு மேலே பெரிய இறக்கை. அங்கே இறக்கையை அலுமினியத்தில் செய்கிறார்களாம். எங்களுடையது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கூரை மாற்றியபோது மிஞ்சிய தகரம். மழை பிடித்துக்கொண்டால் எஞ்சின் சத்தம் அடங்கிப்போய் தகரச் சத்தம்தான் கேட்கும். பாதை, தோட்டத்தின் மேல் டிவிசன் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி வெட்டிய மண் வட்டம். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறுபக்கம் ஆள் உயரத்துக்கு மண் மேடு.

ஆறு டிரைவர்களில் ஒருவர் என் மாப்பிள்ளை சதீஷ். என் ஒரே மகள் கவிதாவின் புருஷன். ஹட்டனில் டயர் கடை வைத்திருக்கிறார். பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை குடிப்பாரா, கோபக்காரரா என்று நாலு பேரிடம் விசாரித்தோம். வளைவில் பிரேக் பிடிப்பாரா என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

2. உடம்போடு திரும்பிய கண்டக்டர்

முதல் சீசனிலேயே லோகநாதன் மண் மேட்டில் மோதினார். அவர் ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் டிரைவர். வண்டிக்குப் பெரிய சேதமில்லை. பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. ஆனால் தலை மட்டும் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தது. மூன்று மாதம் கழுத்தில் கட்டோடு இருந்தார். கட்டை அவிழ்த்த பிறகும் தலை தனியாகத் திரும்பாது. பின் சீட்டில் யாராவது கூப்பிட்டால் மனுசர் மொத்த உடம்போடு திரும்புவார். அப்படித் திரும்பும்போது அவருடைய முழங்கை பட்டு ஒரு ஆசிரியருடைய மூக்குக்கண்ணாடி போயே போய்விட்டது.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த கவிதாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பா, அவரு வண்டிக்கும் நீங்கதானே ஸ்டிக்கர் ஒட்டுறீங்க?”

தன் புருஷனைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். விஷயம் சுலபமானது. மோதும்போது தோளை பெல்ட் நிறுத்திவிடும். தலையை நிறுத்த ஒன்றுமில்லை. ஹெல்மெட் தலைக்குக் கனத்தைக் கூட்டுகிறது. அந்தக் கனம் முழுக்க முன்னால் பாயும்போது பிடித்துக்கொள்ள இருப்பது கழுத்து ஒன்றுதான். அதற்காகவே நெக் ரெஸ்ட்ரெயின்ட் என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் கழுத்துப் பட்டி என்போம். நுகத்தடி மாதிரி தோளில் உட்காரும், அதன் மேலே பெல்ட் இறுக்கிப் பிடிக்கும். அதிலிருந்து இரண்டு வார்கள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் கொக்கி போட்டிருக்கும். உடம்பு நின்றால் தலையும் நிற்கும்.

கொழும்பில் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து ஒரு பட்டி கிடைத்தது. வெடிப்பு, நூல் பிரிவு ஏதும் இல்லை என்று பார்த்துத் துடைத்து மாப்பிள்ளையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க” என்றார். “மத்த அஞ்சு பேரும் சும்மா ஓட்டுறப்ப நான் மட்டும் இத மாட்டிக்கிட்டுப் போனா, ஸ்குருட்டினியர் மாப்பிள்ளைக்குப் பயம்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லட்டுமே மாப்பிள்ள. சொல்லுக்கு என்னா, கழுத்தா ஒடையுது?”

“எல்லாரும் போட்டா நானும் போடுறேன். வேணும்னா சட்டம் போடுங்க.”

கழகம் ஒருநாளும் அப்படிச் சட்டம் போடாது என்ற தைரியத்தில் சொன்னார். மாப்பிள்ளையிடம் அதற்கு மேல் வற்புறுத்தினால் மகள் வாழப் போன இடத்தில் பேச்சு வரும். பட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் ‘சட்டம் போடுங்க’ என்று அவர் சொன்னதை நான் விடவில்லை.

3. மடுவத்தில் நடந்த கூட்டம்

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் போட்டோம். பழனியப்பன் முதலாளி, ஆறு டிரைவர்கள், நான். கூடவே செல்லம்மா. அவர் மேல் டிவிசனில் கொழுந்து எடுப்பவர், கோயில் கமிட்டித் தலைவி. கோயில் கமிட்டி சரி சொன்னால்தான் மைதானம் கிடைக்கும். அதனால் மோட்டார் கழகத்தில் கார் ஓட்டத் தெரியாமலே ஓட்டுரிமை உள்ள ஒரே ஆள் அவர்.

கழுத்துப் பட்டி இல்லாத யாருக்கும் இனி ஸ்டிக்கர் இல்லை என்று விதி வைக்கச் சொன்னேன்.

“அண்ணே, ஹெல்மெட் இருக்கு, பெல்ட் இருக்கு, தலைக்கு மேல தகரமும் இருக்கு. இன்னும் என்னா வேணும்?” என்றார் முதலாளி.

லோகநாதனாவது எனக்காகப் பேசுவார் என்று நம்பினேன். அவர் மொத்த உடம்போடு என் பக்கம் திரும்பினார்.

“எனக்கு அடிபட்டது என் கெட்ட நேரங்க. அதுக்காக எல்லாத்தையும் கட்டிப் போடுறதா? அவனவன் கழுத்து, அவனவன் இஷ்டம்.”

சொல்லிவிட்டு மொத்த உடம்போடு திரும்பிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். என் மாப்பிள்ளையும் தட்டினார்.

அப்போது செல்லம்மா கேட்டார்: “ஏங்க, நெத்தியில கயித்த மாட்டிக் கொழுந்துக் கூடைய நாள் பூரா சொமக்கிறோமே, எங்க கழுத்துக்கு என்னா சட்டம் வச்சிருக்கீங்க?”

“அது தோட்டத்து விசயம்மா, இது மோட்டார் விசயம்” என்றார் முதலாளி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மடுவத்தில் முப்பத்தொரு வருடம் கூடைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கூடையின் எடையைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. “நீங்க சொல்றது நியாயந்தாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

“தலையில கனம் ஏறுனா கழுத்து என்னா பாடு படும்னு எங்களுக்குத் தெரியும். அண்ணன் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க” என்றார் அவர்.

பேசிப் பிரயோசனமில்லை, செய்து காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு வண்டியின் சீட்டில் மணல் மூட்டையை உட்காரவைத்து பெல்ட் போட்டேன். அது உடம்பு. மூட்டையில் ஒரு மண்வெட்டிக் காம்பைச் செருகினேன். அது கழுத்து. தலைக்கு ஒரு சிறிய பூசணிக்காய். அதற்கு ஹெல்மெட்டை மாட்டி, துணி திணித்து, வாரை இறுக்கினேன். இவ்வளவும் சரி. பார்க்கிறவர்களுக்கு மனுசன் என்ற எண்ணம் வரட்டும் என்று பூசணிக்காய்க்குக் குங்குமத்தைக் குழைத்துக் கண்ணும் மூக்கும் முறுக்கு மீசையும் வரைந்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

மேல் ரோட்டுச் சரிவிலிருந்து வண்டியை உருட்டிவிட்டோம். வண்டி நேராகப் போய் மண் மேட்டில் மோதியது. மணல் மூட்டை அசையவில்லை. மண்வெட்டிக் காம்பு முறிந்து, தலை தனியாகப் பறந்து, வளைந்து போய்க் கோயில் வாசற்படியில் விழுந்தது. ஹெல்மெட் கழன்று ஒரு பக்கம் உருண்டது. பூசணிக்காய் சூலத்துக்கு நேர் முன்னால் நாலு துண்டாகச் சிதறியது.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. “பாத்தீங்களா?” என்று வெற்றியோடு திரும்பினேன்.

எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். யாரோ சூடம் கொளுத்தியாகிவிட்டது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, நல்ல சகுனம்! நேரா ஆத்தா காலடியில போய் ஒடஞ்சிருச்சு. இருந்த திருஷ்டியெல்லாம் கழிஞ்சிருச்சு!”

கழுத்து முறிவதைக் காட்ட நான் செய்த சோதனை, கழுத்து முறியாமலிருக்கச் செய்த சாந்தியாகிவிட்டது. குங்கும மீசை வைத்த பூசணிக்காயை உடைத்தால் எங்கள் ஜனம் வேறென்ன நினைக்கும்? நானே புது வீட்டுக்கு அப்படித்தான் உடைத்தேன். அன்றே விதி எழுதினார்கள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்பு ஹெல்மெட் அணிந்த பூசணிக்காய் ஒன்றை வண்டியில் ஏற்றி மோதவிடுவது கட்டாயம். ஸ்குருட்டினியர் அதைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டிய பிறகே பந்தயம் தொடங்கும்.

“சட்டம் கேட்டீங்க, போட்டாச்சு” என்று முதலாளி என் தோளில் தட்டினார்.

4. பெயில்

சித்திரை சீசன் பந்தய நாள். வட்டவளையிலிருந்துகூட சனம் வந்திருந்தது. ஐஸ்கிரீம் வண்டிகளும் வந்துவிட்டன. ஆறு டிரைவர்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கழுத்திலும் பட்டி இல்லை. கயிற்றுக்கு அப்பால் கூட்டத்தில் கவிதா நின்றாள். வண்டிகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசணிக்காயைத் தட்டில் வைத்து மேளத்தோடு கொண்டுவந்தார்கள். இந்த முறை மீசையை வேறு யாரோ வரைந்திருந்தார்கள், என்னுடையதைவிட நன்றாக. மணல் மூட்டை, காம்பு, ஹெல்மெட் எல்லாம் தயார். முதலாளி ஸ்டிக்கரை நீட்டினார். நான் சோதனைப் படிவத்தை எடுத்தேன்.

“ஹெல்மெட் சரி. பெல்ட் சரி. கழுத்துப் பட்டி எங்க?”

“பூசணிக்காய்க்கு எதுக்குண்ணே கழுத்துப் பட்டி?”

“தலைக்கும் ஒடம்புக்கும் நடுவுல காம்பு இருக்கில்ல? அதுக்குப் பாதுகாப்பு இல்ல. பெயில்.”

“அண்ணே, வெளையாடாதீங்க. கூட்டத்தப் பாருங்க.”

“நான் ஸ்டிக்கர் ஒட்டுனாத்தான் பந்தயம்னு எழுதுனது நீங்க. நான் ஒட்ட மாட்டேன்.”

“வேற பூசணிக்காய் கொண்டாரச் சொல்லவா?”

“எது வந்தாலும் இதே சோதனைதான்.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மனிதர்களுக்குப் பட்டி போட விதி இல்லை, அதனால் அவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. பூசணிக்காய் மட்டும்தான் என் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. கடைசியில் அவர் சலித்துப்போய், “என்னாத்தையாவது மாட்டித் தொலைங்க” என்றார். பையிலிருந்த பட்டியை எடுத்தேன். மணல் மூட்டையின் தோளில் உட்காரவைத்து, மேலே பெல்ட்டை இறுக்கி, இரண்டு வார்களையும் ஹெல்மெட்டில் கொக்கி போட்டு ஸ்டிக்கரை ஒட்டினேன். உருட்டிவிட்டார்கள்.

அதே சரிவு, அதே மேடு, அதே சத்தம். தலை கொஞ்சம் முன்னால் குனிந்து, அப்படியே நின்றது. ஓடிப் போய் ஹெல்மெட்டைத் திறந்தேன். பூசணிக்காயில் கீறல் இல்லை. மீசைகூடக் கலையவில்லை.

நான் துள்ளிக் குதித்தேன். என்னைத் தவிர யாரும் குதிக்கவில்லை. மேளம் நின்றுவிட்டது.

“ஐயோ, ஒடையலையே!” என்றது ஒரு குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடையாத பூசணிக்காய் என்றால் கழியாத திருஷ்டி. லோகநாதன் முதல் ஆளாக பெல்ட்டை அவிழ்த்து இறங்கினார். “நான் ஓட்டலங்க.” அவருக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். என் மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்னா மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?”

எவ்வளவு சொல்லியும் கழுத்துக்குப் பயப்படாத ஆறு வீரர்கள், உடையாத ஒரு பூசணிக்காய்க்குப் பயந்து நின்றார்கள். முதலாளி சம்மட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். செல்லம்மா குறுக்கே நின்றார்.

“வலுக்கட்டாயமா ஒடச்சா அது கறிக்கு ஆகும், சாமிக்கு ஆகாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “போன தடவ பட்டி இல்ல, ஒடஞ்சிச்சு. இந்தத் தடவ பட்டி இருக்கு, ஒடையல. அப்ப அதக் காத்தது யாரு?”

“ஆத்தாதான்” என்றார் முதலாளி.

“ஆத்தா எங்க ஏறி ஒக்காந்திருக்கா? அந்தப் பட்டியிலதானே?”

மைதானமே பட்டியைப் பார்த்தது. வேகம், எடை, இழுவிசை என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து கவிதா என்னை ஒரு முறை முறைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையில் நான் எடுத்த மிகச் சரியான டெக்னிக்கல் முடிவு அது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒரே பட்டிக்கு ஆறு பேர் அடித்துக்கொண்டார்கள். “அது எங்க மாமா எனக்குன்னு வாங்குனது!” என்று கத்தியவர் சதீஷ்.

அன்று பந்தயம் நடக்கவில்லை. சனம் திட்டிக்கொண்டே ஐஸ்கிரீம் தின்றுவிட்டுப் போனது. மாலையில் அதே மடுவத்தில் விதி எழுதினோம். கழுத்துப் பட்டி எல்லோருக்கும் கட்டாயம். காரணம் என்ற இடத்தில் ‘அம்மன் குடியிருப்பதால்’ என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி கொழும்பெல்லாம் அலைந்து இன்னும் இரண்டு பட்டிகள் கொண்டுவந்தார். அதற்குமேல் கிடைக்காததால் மூன்று மூன்று வண்டியாக ஓட்டினோம். டிரைவர்கள் பட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களுக்குக் காவல் தெய்வமான ரோதமுனிக்குப் படையல் வைக்காமல் ஒரு மெஷினும் ஓடாது. நானும் படையல் வைத்தவன்தான், முதலில் கிரீஸ் வைத்துவிட்டு. வாரில் மட்டும் சந்தனம் பூசினால் ஆத்தாவுக்கு ஆகாது என்று சொல்லிவைத்தேன். பூசினால் நூல் கெட்டுப்போகும் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

5. கையெழுத்துக்குப் பிறகு

அடுத்த சீசனில் மழை விட்ட ஒரு மத்தியானம் சதீஷின் வண்டி வளைவில் வழுக்கியது. அவர் பிரேக் பிடித்த மாதிரியே தெரியவில்லை. தகர இறக்கை பிய்த்துக்கொண்டு பறக்க, வண்டி முழு வேகத்தில் மண் மேட்டில் போய்க் குத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் அந்த மைதானத்தில் அதற்கு முன் கேட்டதில்லை.

ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் மறந்து வருடக் கணக்காகிறது, இருந்தும் ஓடினேன். ஸ்டிக்கர் ஒட்டியது நான். காலையில் அந்த இரண்டு கொக்கிகளையும் இழுத்துப் பார்த்தது என் கை. சரியாகத்தான் பார்த்தேனா என்று அந்த நூறு அடி தூரமும் என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது சதீஷ் கொக்கியைக் கழற்றி, ஹெல்மெட்டை எடுத்துவிட்டு, கூண்டிலிருந்து தானாகவே வெளியே வந்துகொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல மாமா” என்றார்.

“எங்கடா பாத்துக்கிட்டு ஓட்டுற? கண்ணு என்னா பொடனியிலயாடா இருக்கு?”

கல்யாணமான நாளிலிருந்து ‘வாங்க போங்க’ தவிர வேறு சொல் சொல்லாத நான் நடு மைதானத்தில் அப்படிக் கத்தினேன். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. “சரிங்க மாமா, சரிங்க மாமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் முதலாளி சூடத்தோடு வந்துவிட்டார்.

“ஆத்தா காப்பாத்திட்டாண்ணே!”

“ஆமாங்க” என்றேன்.

கழுத்துப் பட்டியைக் கட்டாயமாக்க வேண்டுமா, அவரவர் விருப்பத்துக்கு விடலாமா என்று இன்றும் சில கழகங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். என் அனுபவம் இதுதான். துணிச்சல்காரன், பயந்தவன் யாராக இருந்தாலும் தனியாக ஒரு பட்டியை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் போய் நிற்கக் கூசுவான். எல்லோருக்கும் என்று ஒரு விதி இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். விதி எந்தக் காரணத்துக்காக வந்தது என்று ஆராயாதீர்கள், வந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவரவர் இஷ்டம் என்று விட்டிருந்தால் என் மாப்பிள்ளை அன்று வெட்கத்தினாலேயே செத்துப்போயிருப்பார். மகள் என் முன்னால் வந்து நின்றிருப்பாள். அவளிடம் நான் எதைச் சொல்லியிருப்பேன்?